செம்புறாங்கல்லும் கண்ணாடிப் பேழையும்: காட்சிப்படுத்தலின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

அருங்காட்சியகம் குறித்த நமது விமர்சனப் பேச்சு பெரும்பாலும் சிற்பத்தோடும் செப்புத் திருமேனியோடும் நின்றுவிடுகிறது. வழிபாட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட சாமி எப்படிக் 'கலைப்பொருள்' ஆகிறது, யாருடைய பார்வைக்காக ஆகிறது என்றெல்லாம் எழுதியாகிவிட்டது. அதே கட்டடத்தின் இன்னொரு அறையில் கற்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நுழைந்து வரிசையாக வெளியேறிவிடுகிற அறை அது. அதை ஒரு பிரதியாக வாசிக்க நம்மில் அதிகம் பேர் முனைந்ததில்லை. கல்லுக்கு என்ன அரசியல், அது பாட்டுக்குக் கெடக்கு என்பதுதான் பொதுப்புத்தி. அப்படி அது பாட்டுக்குக் கிடப்பதாக நமக்குத் தோன்றும்படி செய்திருப்பது எது என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்பிக்கொள்ள விரும்பும் கேள்வி.

தமிழகத்தில் அருங்காட்சியகம் என்ற நிறுவனம் சிலையில் தொடங்கவில்லை, கல்லில்தான் தொடங்கியது. 1851இல் சென்னையில் அரசு அருங்காட்சியகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் சேகரிப்பு மெட்ராஸ் இலக்கியச் சங்கத்திடமிருந்து வந்த ஏறத்தாழ 1100 நிலவியல் மாதிரிகள். பொறுப்பேற்ற எட்வர்ட் பால்ஃபர் கம்பெனிப் படையின் மருத்துவர். நிலத்தின் மேற்பரப்பை அளந்து வரி போட்டுக்கொண்டிருந்த அரசு, அதன் அடிவயிற்றையும் பட்டியலிட விரும்பியது. இரும்பு எங்கே, கட்டடக்கல் எங்கே, நிலக்கரி உண்டா இல்லையா என்பதெல்லாம் வெறும் அறிவுத் தாகத்தின் கேள்விகள் அல்ல. ஆனால் பேழைக்குள் வந்து அமர்ந்தவுடன் அந்தக் கேள்விகள் மறைந்துபோய், 'இயற்கை' மட்டும் எஞ்சுகிறது. இந்த மறைதல்தான் காட்சிப்படுத்தலின் முதல் வேலை.

புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று ஓர் அருங்காட்சியகத்தை 1910இல் தொடங்கியது. திருக்கோகர்ணத்தில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்தில் நிலவியலுக்கும் இடம் உண்டு. விலங்கு, ஓவியம், நாணயம், கல்வெட்டு, கல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். நான் வசிக்கும் கந்தர்வக்கோட்டை அப்போது அந்தச் சமஸ்தானத்துக்குள் இல்லை. அது தஞ்சை மாவட்டத்து ஜமீன். 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லைக்கோடு மேலே நகர்ந்துகொண்டிருந்த இத்தனை ஆண்டுகளிலும் கீழே இருந்த கல் நகரவில்லை. ஆனால் கல்லின் 'கிடைத்த இடம்' என்ற வரியில் எந்தப் பெயரை எழுதுவது என்பதைத் தீர்மானித்தது கல் அல்ல, கோடுதான்.

2

கனிமப் பேழையின் பெயர்ச்சீட்டு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. பெயர், வேதியியல் அமைப்பு, கிடைத்த இடம். அபூர்வமாக நான்காவது வரி ஒன்று உண்டு, நன்கொடையாளர் பெயர். இந்த மூன்று வரிகளையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் பெயர். கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் எங்கு தோண்டினாலும் வருவது செம்புறாங்கல். செம்பாறாங்கல், செம்புராங்கல் என்று ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறும். பேழையில் இதன் பெயர் லேட்டரைட். இந்தப் பெயரை 1807இல் அச்சான தன் பயண நூலில் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். இன்றைய கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லை வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்து எழுதினார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். இது அவருக்குத் தானாகத் தோன்றிய உவமை அல்ல. உள்ளூர் மொழிகளில் இதை 'இட்டிகக்கல்' என்று, அதாவது செங்கல்கல் என்று, சொல்கிறார்கள் என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆக, கல்வெட்டியின் சொல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, மூலம் கைவிடப்பட்டு, மொழிபெயர்ப்பு மட்டும் அறிவியலாக நிலைத்திருக்கிறது. பெயர் வைத்தவர் என்று வரலாற்றில் நிற்பவர், உண்மையில் மொழிபெயர்ப்பாளர்.

பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லுக்கு வேறொரு கதை. நாம் அதைக் கருங்கல் என்போம். தாமஸ் ஹாலண்ட் 1893இல் கல்கத்தாவில் உள்ள ஒரு கல்லறைப் பலகையை ஆராய்ந்தார். அந்த நகரத்தை நிறுவியவராகக் கொண்டாடப்பட்ட கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை அது. பலகையின் கல் பல்லாவரப் பக்கத்துக் கல்லை ஒத்தது. 1900இல் விரிவாக எழுதியபோது அதற்குச் சார்னாக்கைட் என்ற பெயர் நிலைபெற்றது. இன்று இது உலகமெங்கும் வழங்கும் பாறைப் பெயர். பல்லாவரத்தில் அந்தக் கல்லை உடைத்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. அந்தக் கல்லுக்கு அடியில் படுத்திருந்தவரின் பெயர் பாறைக்கே போய்விட்டது.

மூன்றாவது, குருந்தம். 'கொரண்டம்' என்று ஆங்கிலம் வழி திரும்பி வருகிற இந்தச் சொல்லின் வேர் தமிழ்ச் சொல்லே என்பதை ஐரோப்பிய அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. 'கர்நாடிக்' பகுதியிலிருந்து போன குருந்தத்தைப் பற்றி சார்லஸ் கிரெவில் 1798இல் லண்டனில் கட்டுரை எழுதினார். அவருடைய சேகரிப்பை 1810இல் பிரிட்டிஷ் மியூசியம் விலைக்கு வாங்கியது. 1881இல் இயற்கை வரலாற்றுக்கென்று தனிக் கட்டடம் எழுந்தபோது கனிமங்கள் அங்கே குடிபெயர்ந்தன. எத்தனையோ ஊர்கள் 'கர்நாடிக்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போயின.

இதைச் சொன்னதும் நம்மவர்கள் சிலர் உற்சாகமாகிவிடுவார்கள். பார்த்தீர்களா, கொரண்டமே தமிழ்தான் என்று மார் தட்டத் தொடங்குவார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒரு சொல் தமிழ் என்று நிறுவுவதால் அந்தக் கல்லைத் தோண்டியவருக்கு ஒன்றும் திரும்பிவிடப் போவதில்லை. பெருமிதமும் ஒரு கண்ணாடிப் பேழைதான். உள்ளே சொல்லை வைத்துப் பூட்டிவிட்டு ஆளை வெளியே நிறுத்தும். கேள்வி, சொல் யாருடையது என்பதல்ல. அந்தச் சொல்லைப் புழங்கியவரின் அறிவு எங்கே விழுந்தது என்பது.

3

இரண்டாவது வரி, வேதியியல் அமைப்பு. இங்கேதான் செம்புறாங்கல் சிக்கலை உண்டுபண்ணுகிறது. அது கனிமமே அல்ல. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் களிமண்ணும் கலந்த கலவை. மழையும் வெயிலும் மாறி மாறித் தின்று மிச்சம் வைத்த எச்சம். அதற்கு ஒற்றைச் சூத்திரம் எழுத முடியாது, படிக வடிவம் கிடையாது. கனிமப் பேழையோ சல்பைடு, ஆக்சைடு, கார்பனேட், சிலிகேட் என்று குலம் கோத்திரம் பார்த்து அடுக்கப்பட்டது. கலப்புக்கு அங்கே இடமில்லை. பாறைப் பிரிவில் ஒரு மூலையில் வைப்பார்கள்.

இதே வட்டாரத்தில் தஞ்சையை அடுத்த வல்லத்தில் படிகக் கற்கள் கிடைத்தன. அவற்றைச் சாணை பிடித்து மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் தொழில் தஞ்சையில் புகழ்பெற்றிருந்தது. தூய குவார்ட்ஸ், ஆறு பட்டை, கடினம் 7. எந்தப் பேழைக்குள்ளும் முதல் வரிசையில் உட்காரத் தகுதி உள்ளது. ஒரே செம்மண் காட்டின் இரண்டு கற்களில் ஒன்று 'கண்காட்சிக்குரியது', மற்றொன்று 'அஸ்திவாரத்துக்குரியது'. தூய்மை, கலப்பு, வரிசை, மூலை போன்ற சொற்களை நாம் வேறு எங்கே கேட்டிருக்கிறோம் என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்லில் சாதி இல்லை. அடுக்கும் கைக்கு இருக்கிறது.

கடினம் என்றேனே, அந்த அளவுகோலின் பிறப்பையும் கவனிக்க வேண்டும். 1812இல் ஃபிரெடரிக் மோஸ் டால்க்கை 1 என்றும் வைரத்தை 10 என்றும் வைத்து வரிசைப்படுத்தினார். அதற்கு முன் 1802இல் அவர் வியன்னாவுக்குப் போனது ஒரு வங்கியாளரின் கனிமச் சேகரிப்புக்குப் பட்டியல் தயாரிக்கத்தான். ஒன்றையொன்று கீறிப் பார்க்கும் முறை சுரங்கத்திலும் பழைய கைவினையிலும் இருந்ததுதான். ஆனால் அது ஓர் எண்வரிசையாக உறைந்ததற்குப் பின்னால் அலமாரியில் கிடந்த கற்களை ஒழுங்குபடுத்த வேண்டிய தேவையும் இருந்தது. வகைப்பாடு முதலில் வந்து சேகரிப்பு பிறகு வருவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். சேகரிப்பும் வகைப்பாட்டை உற்பத்தி செய்கிறது. பார்வைக்குத் தெரிவதைப் பெயரிடுவதே இயற்கை வரலாறு என்று ஃபூக்கோ 'சொற்களும் பொருட்களும்' நூலில் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். பெயரிடப்படுவதற்குமுன் அது யாருடைய அலமாரியில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் கல் வெட்டி ஓய்ந்துபோன ஒரு பெரியவரிடம் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இந்தக் கல் எவ்வளவு கெட்டி என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "எப்பக் கேக்குறீங்க தம்பி? குழிக்குள்ள இருக்கையில கேக்குறீங்களா, மேல வந்த பொறவா? உள்ளாற இருக்கப்ப கோடாலியால சீவிப்புடலாம். மேல போட்டு வெயிலும் காத்தும் பட்டுச்சுன்னாத்தான் இறுகும். இறுகிட்டா அப்புறம் அது கிட்ட நம்ம பவுசு நடக்காது."

புக்கானனும் இதையேதான் கண்டார். மண்ணுக்குள் இளகியும் காற்றுப்பட்டால் இறுகியும் இருப்பதாலேயே அது செங்கல்லைப் போல் பயன்பட்டது. ஆனால் பெரியவரின் பதிலில் ஓர் அறிதல்முறை இருக்கிறது. கல்லின் பண்பு கல்லுக்குள் மட்டும் இல்லை. அது எப்போது, எங்கே, எந்தக் கருவியோடு சந்திக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. பேழைக்குள் இருக்கும் செம்புறாங்கல் எப்போதுமே இறுகிய கல். இளகிய கல்லைக் காட்சிப்படுத்த வழியே இல்லை. வெளியே எடுத்தவுடன் அது வேறொன்றாகிவிடுகிறது. பார்வையாளர் பார்ப்பது மாதிரியை அல்ல, மாதிரி எடுத்ததன் விளைவை. கல்வெட்டி தினமும் கையாண்ட கல்லை அருங்காட்சியகம் ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொன்னால் அது மிகையல்ல.

வேறு சில கற்களுக்கும் இந்த விதி உண்டு. செவ்வந்திக்கல் நீண்ட நாள் வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும். சித்த மருத்துவர் மனோசிலை என்று சொல்லும் சிவந்த பாடாணம், வெளிச்சத்தில் மெல்ல மெல்ல மஞ்சள் பொடியாகச் சிதையும். பார்ப்பதற்காகப் போடும் விளக்கே பார்க்கப்படுவதை அழிக்கிறது. நாட்டு மருந்துக்கடைக்காரர் அதை இருட்டு டப்பாவில் வைத்திருப்பார். சித்த மருத்துவம் 64 பாடாணம், 120 உபரசம் என்று வகுத்ததும் ஒரு வகைப்பாடுதான். பாடாணங்களில் பாதி பிறவி, பாதி வைப்பு. அதாவது இயற்கையாய் விளைந்ததும் மனிதர் செய்ததும் ஒரே பட்டியலில் அருகருகே. அந்த வகைப்பாட்டுக்கும் அதன் அதிகாரம் உண்டு, அதன் மறைபொருள் வியாபாரம் உண்டு. அதைப் புனிதப்படுத்த வேண்டாம். ஆனால் 'உடம்புக்குள் போனால் என்ன செய்யும்' என்ற கேள்வியை மையமாக வைத்தும் கற்களை அடுக்கலாம் என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

இயற்கைக்கும் மனிதச் செயலுக்கும் நடுவே அருங்காட்சியகம் எழுப்புகிற சுவரும் இங்கே உடைபடுகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் செம்புறாம் பாறையிலேயே குழி வெட்டி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். 2021இலும் 2023இலும் அகழாய்வு நடந்த பொற்பனைக்கோட்டைப் பக்கத்தில் அந்தக் குழிகளைச் சென்னாக்குழி என்கிறார்கள். கல் ஒன்றுதான். பாறையாக இருந்தால் நிலவியல் அறைக்குப் போகும். உருகிக் கிட்டமாகிவிட்டால் தொல்லியல் அறைக்குப் போகும். நடுவில் துருத்தி ஊதியவர் எந்த அறைக்குப் போவார்?

4

இதுவரை சொன்னதை வைத்து, அருங்காட்சியகம் என்பதே அதிகாரத்தின் கண், அதை மூடிவிட்டுக் கல்லைக் காட்டிலேயே விட்டுவிடலாம் என்று முடித்துவிடலாம். நம் நண்பர்கள் சிலர் அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமான முடிவாகப் படுகிறது. ஏனெனில் கல் காட்டில் இல்லை. லாரியில் இருக்கிறது.

கந்தர்வக்கோட்டை, ஆதனக்கோட்டை என்றால் வெளியூர்க்காரருக்கு முந்திரி ஞாபகம் வரும். முந்திரிக்கும் கடலைக்கும் கீழே இருக்கிற செம்மண்ணும் கிராவலும் செம்புறாங்கல்லும் யார் ஞாபகத்துக்கும் வராமல் நாளும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றிய சட்டத்தின் மொழியைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் கட்டடக்கல், கிராவல், சாதாரண மணல் முதலியவற்றைச் 'சிறு கனிமம்' என்கிறது. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு மேலும் 31 கனிமங்களைச் சிறு கனிமம் என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் குருந்தம் இருந்தது, குவார்ட்ஸ் இருந்தது, லேட்டரைட்டும் இருந்தது. பேழைக்குள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்த மூன்றும் 2025 வரை சட்டத்தில் ஒரே வரிசையில் வந்து நின்றன. ஆக, வகைப்பாடு என்பது கல்லின் உள்ளியல்பு அல்ல என்று நிரூபிக்க நமக்குப் பிரெஞ்சுக் கோட்பாடு தேவையே இல்லை, அரசிதழ் போதும். அறிவியலுக்குக் கனிமம் அல்லாத ஒன்று சட்டத்துக்குக் கனிமம். எடுத்துப்போகிறவருக்கு அது லோடு.

எதிர்த்திசையிலும் பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் போன செய்தி வந்தது. அந்த ஊர் 2022இல்தான் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. மக்கள் போராடினார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. நம் மாவட்டத்தின் நெடுவாசல் 2017இல் என்ன பார்த்தது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஹைட்ரோகார்பன் என்ற சொல் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி டீக்கடைக்கு வந்த ஆண்டு அது. இப்படிப்பட்ட ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால் எங்கோ ஒரு சின்ன மாதிரி எடுக்கப்பட்டிருக்கிறது, எண் போடப்பட்டிருக்கிறது, சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் மாதிரி சேகரிப்பது அப்பாவித்தனமான செயல் என்று நான் சொல்ல மாட்டேன். அதே சமயம் அந்த மாதிரி, அந்த எண், அந்த இடக்குறிப்பு மக்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் நிலைமை வேறாக இருக்கும். தன் காலடியில் என்ன இருக்கிறது என்பதைக் கம்பெனிக்குப் பிறகு தெரிந்துகொள்ளும் ஊர், பேச்சுவார்த்தை மேசைக்கே தாமதமாகத்தான் போகிறது.

அருங்காட்சியகத்தின் தேவை இங்கேதான் வருகிறது. அது சாட்சியாக இருக்க முடியும். ஒரு காடு முழுசாக வெட்டிப் போன பிறகு, இங்கே இத்தனை அடி ஆழத்துக்குச் செம்புறாம்பாறை இருந்தது என்று சொல்ல என்ன மிஞ்சும்? கைப்பிடி அளவு ஒரு மாதிரியும் அதன் சீட்டும்தான். ஆனால் சாட்சி சொல்ல வேண்டுமானால் சீட்டு வாயைத் திறக்க வேண்டும்.

5

சீட்டின் மூன்றாவது வரிக்கு இப்போது வருகிறேன். 'கிடைத்த இடம்'. தமிழில் எவ்வளவு சாதுவான சொல் பாருங்கள். கிடைத்தல் என்ற வினைக்குச் செய்தவர் தேவையில்லை. மழை கிடைத்தது, வேலை கிடைத்தது, கல் கிடைத்தது. யாரும் தோண்டவில்லை, யாரும் சுமக்கவில்லை, யாருக்கும் கூலி பாக்கியில்லை. 'எடுத்த இடம்' என்று எழுதிப் பாருங்கள். உடனே கேள்விகள் வருகின்றன. யார் எடுத்தது, யாரிடமிருந்து, எப்போது, எதற்கு, எடுத்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? ஒரே ஒரு வினைச்சொல்லை மாற்றினாலே பேழையின் மௌனம் குலைகிறது. அலுவலகத் தமிழ் 'கிடைத்த'வைத் தேர்ந்துகொண்டதில் சதி ஒன்றுமில்லை, பழக்கம்தான். சித்தாந்தம் பழக்கத்தின் உருவில்தான் வேலை செய்கிறது.

எனவே எனது கோரிக்கை கோட்பாட்டு ரீதியாகப் பெரியது ஒன்றுமில்லை. கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு செம்புறாங்கல் நிலவியல் பிரிவுக்குப் போகிறது என்றால் அதன் சீட்டில் இவ்வளவும் இருக்க வேண்டும். செம்புறாங்கல் என்று முதலில். லேட்டரைட் என்று அடுத்து. அந்தப் பெயர் செங்கல் என்ற உள்ளூர்ச் சொல்லின் மொழிபெயர்ப்பு என்ற குறிப்பு. கனிமம் அல்ல, கலவை என்பது. எடுத்த இடம், எடுத்த ஆழம், எடுத்த ஆண்டு. வெட்டியபோது இளகியது, இப்போது இறுகியது என்பது; வெட்டிய கருவி கோடாலியும் கடப்பாரையும் என்பது. வீட்டு அஸ்திவாரம், கிணற்றுச் சுற்று, சுற்றுச்சுவர் என எதற்கெல்லாம் போயிற்று என்பது. பக்கத்தில் ஒரு துண்டு இரும்புக் கிட்டம். அறை மாறி வந்தாலும் பரவாயில்லை. வெட்டியவர் சம்மதித்தால் அவர் பெயர். நன்கொடையாளர் பெயரைப் போட இடம் இருக்கிறபோது இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கல்லுக்கும் எதிர்ப்பிரதி ஒன்று உண்டு. அது குழி. கல் இங்கே இருக்கிறது என்றால் குழி அங்கே இருக்கிறது. மழைக்காலத்தில் கைவிடப்பட்ட குவாரிக் குழிகளில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிச் செத்த செய்தி தமிழகத்தில் நமக்குப் பழகிவிட்டது. அந்தச் செய்தியில் கல் வராது, கனிமம் வராது, யார் எடுத்தார்கள் என்பதும் பெரும்பாலும் வராது. அங்கேயும் குழி 'அது பாட்டுக்கு' இருந்ததாகத்தான் எழுதப்படுகிறது. பேழையின் இலக்கணமும் செய்தித்தாளின் இலக்கணமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. ஆகவே கல்லுக்குப் பக்கத்தில் குழியின் புகைப்படம் ஒன்றை, அளவோடும் தேதியோடும், மாட்டி வைக்கச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை புதுப் படம் எடுத்துப் பழையதற்குப் பக்கத்தில் மாட்டட்டும். குழி வளர்ந்ததா, மூடப்பட்டதா, அதில் மரம் நட்டார்களா, வேலியாவது போட்டார்களா என்பதை வரிசையாக வந்து வரிசையாகப் போகும் பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். அந்தக் குழிக்குக் குளிக்கப் போகக்கூடிய வயது அவர்களுடையதுதான்.